ஒரு கை செத்தை

1

மலாக்காவில் மாசி மாதம் பஞ்சாங்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஊரில் நீங்கள் எல்லாம் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வாசல் தெளிக்கிற அதே நேரத்தில், இங்கே காஜா பெராங்கில் விடியும்போதே முதுகில் வியர்வை ஓடுகிறது. சீனப் பெருநாள் வெடிச்சத்தம் அடங்கி, மழை நின்றுபோய், கிணற்றில் வாளி மண்ணைத் தொடுகிற மாதம் இது. கிளேபாங் பக்கமிருந்து கடற்காற்று வந்தால் உண்டு. அதுவும் மத்தியானத்துக்குள் சுடுகாற்றாகிவிடும்.

இதெல்லாம் தெரிந்தும், இந்த ஊருக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து, மாசி வந்தால் தயிர்ப்பானையைக் கம்பளியால் சுற்றித்தான் வைப்பேன். நம் கரிசல்காட்டுப் பனியில் அப்படிச் சுற்றாவிட்டால் பால் உறையாது. இங்கே சுற்றி வைத்தால் விடிவதற்குள் தயிர் புளித்துப் பல் கூசும். என் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் ஃபிட்டர். நாலு பேர் பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனுஷன். அவரே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏ புள்ள, இந்தத் தயிரை ஊத்தினா எஞ்சின்ல ஒட்டுன துருவே கழண்டுரும் போல இருக்கே. அந்தக் கம்பளிய எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவரும் அப்புறம் சொல்லவில்லை. அது யாருடைய கம்பளி என்று அவருக்கும் தெரியும். எங்கள் மகன் குருசாமியின் சின்னக் கம்பளி அது. அவன் ஊரில் இருந்தான், அவன் கம்பளி மட்டும் என்னோடு கப்பலேறி இங்கே வந்துவிட்டது.

2

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படியம்மா கப்பல் ஏறினாய் என்று ஊர்ப்பெண்கள் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். அப்போது நான் மல்லிகாவைச் சுமந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் முன்னாலேயே இங்கே வந்து வேலையில் இருந்தார். குருவுக்குப் பேச்சு அப்போதுதான் திருத்தமாக வந்த வயது. கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் தங்கவைத்து உடம்பைச் சோதிக்கிற முகாமில் வைத்து அவனுக்குத் தட்டம்மை கண்டுவிட்டது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் தங்கிவிட்டால் என் அனுமதியும் போய்விடும்.

என் அக்கா பேச்சியம்மாள் வழியனுப்ப வந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அத்தானும் தவறிப்போய், தனியாகக் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவள். "நீ ஏறு. அடுத்த கப்பல்ல யாரோடயாச்சும் அனுப்பி விடுதேன்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். நடுக்கடலில் மூட்டையைப் பிரித்தபோதுதான் அவன் கம்பளி என்னிடம் இருப்பதைப் பார்த்தேன்.

அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று வருஷங்கள் ஓடின. கூட்டி வர நம்பிக்கையான ஆள் கிடைத்தால் காகிதம் தயாராக இருக்காது. காகிதம் தயாரானால் ஆள் கிடைக்காது. இதற்கிடையில் வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்தது. ஊர்வலத்தில் மல்லிகா தாளில் செய்த கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்காரர் குடியுரிமைக்கு எழுதிப்போட்டு வாங்கினார். "இனிமே இதுதான் நம்ம நாடு" என்றார். எனக்கு அது பாதிதான் நாடு. மீதிப் பாதி, பனியில் கம்பளி இல்லாமல் கிடந்தது.

3

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாக்காச் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், நெற்றி நிறைய விபூதி. பேச்சு மட்டும் மலாய். அங்கே தெய்வானை என்று ஒரு பெரிய மனுஷி. பீபி என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். எனக்கு மல்லிகா பிறந்தபோது பிரசவம் பார்க்க ஓடிவந்தவள் அவள்தான். அவள் மலாயில் சொல்வதில் பாதி எனக்குப் புரியும். நான் சொல்வதில் கால்வாசி அவளுக்குப் புரியும். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் குடும்பக்கதை பேசியிருக்கிறோம்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் குருவுக்கு நான் ஒரு சட்டை தைப்பேன். ஊருக்குப் போகிற ஆள் கிடைக்கிறவரை அது பெட்டியில் இருக்கும். ஆள் கிடைக்கிறபோது, இது இப்போது அவனுக்குப் பற்றாதே என்று எடுத்து வைத்துவிடுவேன். இப்படியே பெட்டியில் சின்னச்சின்னச் சட்டைகள் சேர்ந்துவிட்டன. மாசியில் கம்பளியோடு சேர்த்து அவற்றையும் வெயிலில் காயப்போடுவேன். காயப்போடும்போது அழுகை வரும். பீபி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

போகிப் பண்டிகையன்று செட்டிகள் தங்கள் முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். வீட்டுக் கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டு, செத்தவர்களுக்குப் பிடித்த பதார்த்தம் எல்லாம் வைத்து, புதுத்துணியும் வைப்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின போகிக்கு பீபி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பெரிய இலைகளுக்குப் பக்கத்தில், வரிசைக் கடைசியில், ஒரு சின்ன இலை. அதில் கொஞ்சம் சோறு, ஒரு அவித்த முட்டை, ஒரு மிட்டாய், ஒரு பொடிச் சட்டை.

"உன் மகனுக்கு" என்றாள் பீபி. "கசியான், பாவம். பச்சைப்பிள்ளைக்கு ஒருத்தரும் இலை போடவில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக மனசு கேட்கவில்லை."

"ஐயோ பீபி, அவன் சாகலை! ஹிடுப்! ஹிடுப்! உயிரோட இருக்கான்!" என்று கத்திவிட்டேன். வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பீபி வாயில் அடித்துக்கொண்டு அந்த இலையை அப்படியே சுருட்டி எடுத்தாள். என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சட்டை தைத்து வைத்துக்கொண்டு அழுகிற தாயைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பாள்?

வீட்டுக்கு வந்து, "நான் ஊருக்குப் போறேன். அவனக் கூட்டிட்டுத்தான் வருவேன்" என்றேன். வீட்டுக்காரர் மறுநாளே காகித வேலையைத் தொடங்கினார். இவன்தான் பிள்ளை என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். படம் எங்கே என்றார்கள். அவன் பெயரை ஒரு மேசையில் ஒரு மாதிரியும் அடுத்த மேசையில் வேறு மாதிரியும் எழுதினார்கள். கடைசியில் கிடைத்தது. ஆனால் இந்தத் தடவை தாயோடு வந்தால்தான் உண்டு, சட்டம் இறுகுகிறது, பையனும் வளர்ந்துவிட்டான், இனி அவன் பெயரில் கிடைக்காது என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். மல்லிகாவை பீபியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

4

ஊருக்குப் போய் இறங்கியபோது மாசி பிறந்திருந்தது. விடியற்காலை பஸ். ரோட்டில் கால் வைத்ததுமே பனி என்னைப் பிடித்துக்கொண்டது. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. இத்தனைக்கும் அது முரட்டுப் பனி இல்லை, வெயில் ஏறினால் ஓடிவிடுகிற பின்பனி. இத்தனை வருஷம் மலாக்கா வெயிலில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பனியைத்தான் நினைத்து நினைத்து ஏங்கியிருந்தேன். உடம்பு அதை மறந்தே போயிருந்தது.

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பையன் வெற்றுடம்போடு நின்றான். கறுப்பாக, ஒல்லியாக, என் வீட்டுக்காரரின் மூக்கோடு. நான் பையிலிருந்து கம்பளியை உருவினேன். அவனைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கப்பலில் ஏறியதிலிருந்து நினைத்துவந்தது இந்த ஒரு காரியத்தைத்தான். அவன் அதை வாங்கி விரித்து என் தோளில் போட்டான்.

"இப்படி நடுங்குறீகளே மலாக்காம்மா. போத்திக்கோங்க" என்றான்.

அக்காவை அம்மா என்றும் நீ என்றும் கூப்பிட்டான். எனக்கு மலாக்காம்மா, நீங்க. அக்கா அவனை அதட்டப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவனுக்குத் தெரிந்த மரியாதையை அவன் கொடுக்கிறான்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எல்லாம் தினமும் வாழ்கிற வாழ்க்கை, உங்களுக்கு இதில் என்ன அதிசயம் இருக்கப்போகிறது? எழுந்ததும் வேப்பங்குச்சி. வாசல் அடுப்பில் பருத்திமாரை எரித்து வெந்நீர் காய்ச்சினால் தண்ணீரில் புகை வாசம் ஏறியிருக்கும். அந்த வாசத்தோடு தலையில் ஊற்றிக்கொண்டு வெளியே வரும்போது உடம்பிலிருந்து ஆவி பறக்கும். கன்று ஈன்ற பசு நின்றது. குரு மடியில் நேராக வாயை வைத்துப் பீய்ச்சிக்கொண்டு பால்நுரை மீசையோடு வருவான். மொச்சைக்குழம்பும் குதிரைவாலிச் சோறும் மூக்கு முட்டத் தின்றோம்.

ஒருநாள் விடியும் முன் கடலைக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொண்டைக்கடலைச் செடியில் இறங்குகிற பனி புளிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவனும் அக்காவும் ஆளுக்கொரு முனையாக வெள்ளை வேட்டியைப் பிடித்து, செடிகளின் தலைமேல் இழுத்துக்கொண்டே போனார்கள். வேட்டி நனைந்ததும் கலயத்தில் பிழிந்தார்கள். வயிற்றுவலிக்கு ஆகும் என்று வருஷத்துக்கும் எடுத்து வைக்கிற புளிப்பு. ஒரு சொட்டை என் விரலில் விட்டான். நாக்கில் வைத்தேன். சின்னவயசில் நானும் அக்காவும் இதே காட்டில் இதே வேட்டியை இழுத்தது ஞாபகம் வந்து, புளிப்பினால் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குருவும் அக்காவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூட இல்லை.

மலாக்காவுக்கு வருகிறாயா என்று கேட்டபோது, "சரி மலாக்காம்மா" என்றான். அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. அடம் பிடித்திருந்தால் நான் அதட்டியாவது கூட்டி வந்திருப்பேன். அக்கா சந்தையில் அவனுக்குத் தகரப்பெட்டி ஒன்று வாங்கி வந்து, அவன் துணிகளைத் துவைத்து மடித்து அடுக்கினாள். கம்பளியை அதில் வைத்தபோது குரு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இது எனக்குப் பத்தாது. கன்னுக்குட்டிக்குப் போத்தட்டா? அதுக்குப் பனி ஆகல."

போர்த்து என்றேன். அளவெடுத்த மாதிரி இருந்தது கன்றுக்கு.

5

தெருமுக்கு வேப்பமரத்தடியில் பனிமாதம் முழுக்கக் காலையில் நெருப்புப் போட்டுக் குளிர் காய்வார்கள். அதற்கு ஒரு முறை உண்டு, மறந்திருக்க மாட்டீர்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கை செத்தை கொண்டுவர வேண்டும். சோளத்தட்டையோ, கடலைப்பொட்டோ, உதிர்ந்த வேப்பிலையோ, எதுவானாலும் சரி. கை போடாதவனுக்கு வட்டத்தில் இடம் இல்லை. குரு தினமும் இரண்டு கை போடுவான். ஒன்று அவனுக்கு, ஒன்று அக்காவுக்கு. முழங்கால் பிடித்துக்கொள்வதால் அக்கா கடைசியில்தான் மெதுவாக நடந்து வருவாள். அவளுக்கு முன்வரிசையில் இடம் இருக்கும்.

நாங்கள் புறப்படவேண்டிய நாள் காலையில் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சருகை அள்ளிக்கொண்டு அங்கே போனேன். மரத்துக்கு அந்தப் பக்கம் குருவும் அவன் கூட்டாளி மாரியப்பனும் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கடலையைச் செடியோடு போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"ஏலே, நான் போனப்புறம் எங்கம்மாவுக்கு நீதாம்லே ஒரு கை போடணும்" என்றான் குரு. "அவளுக்கு முட்டி தாங்காது. முன்னால உக்கார வையி. மறந்துராத."

"எம்புட்டு நாளைக்குப் போட?"

"பனி முடியிற வரைக்கும்."

"அடுத்த வருசப் பனிக்கு?"

குரு நெருப்புப் பக்கம் குனிந்தான். சுட்ட கடலையை வெளியே இழுத்துப் போட்டான். அதை உரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கையிலிருந்த சருகோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இவன் அழாமல் வருகிறானே, என்மேல் பாசம் வந்துவிட்டதோ என்றுகூட நான் நினைத்திருந்தேன். பெரியவர்கள் சொன்னால் போக வேண்டும் என்று அவன் வருகிறான், அவ்வளவுதான்.

அடுப்படியில் அக்கா கப்பலுக்கென்று கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"அக்கா, பெட்டியப் பிரிச்சிரு" என்றேன்.

"என்ன புள்ள சொல்லுத?"

"அவன் இங்கயே இருக்கட்டும்."

"இந்தத் தடவ விட்டா அங்க சேக்க மாட்டாகன்னியே?"

"சேக்க மாட்டாக."

"பெத்தவ நீ. பெறகு வருத்தப்படுவ."

"படுவேன்" என்றேன். "நான் வருத்தப்படுவேன்னு அவன இழுத்துட்டுப் போக முடியாதுக்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். சட்டியில் கடலை கருகிப் புகைந்தது. இரண்டு பேருமே அதை இறக்கவில்லை.

குருவிடம் சொன்னபோது, "அப்படியா மலாக்காம்மா?" என்று தலையைக் குனிந்துகொண்டான். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஏறும்போது ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த பனிக்கு ஒங்களுக்கும் ஒரு கை போடுதேன்" என்றான்.

6

மலாக்கா பஸ் நிலையத்தில் வீட்டுக்காரர் நின்றார். நான் இறங்கிய பிறகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் என் பையை வாங்கினார். வீட்டில், பட்டறையில் கிடைத்த பலகையை வைத்து அவனுக்கென்று ஒரு படிக்கிற மேசை செய்து வைத்திருந்தார். மூலையெல்லாம் உரசி வழவழப்பாக்கி இருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "நீ செஞ்சது சரிதான்" என்றார். மேசையைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இப்போது மல்லிகா அதில் உட்கார்ந்துதான் மலாய்ப் பாடம் எழுதுகிறாள். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அண்ணன் படத்தைக் காட்டினால், "இவங்களுக்கு மலாய் தெரியுமா?" என்று கேட்கிறாள்.

இந்தப் போகிக்கு பீபி இலை போடுவதற்கு முன்னால் வேலிக்கு வந்து, உன் மகன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டுவிட்டுப் போனாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அது பொய்யில்லை.

போன வாரம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டு, புக்கிட் ரம்பாயில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியில் வீட்டுக்கு வந்தார். அக்கா கொடுத்தனுப்பிய கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஒம் மவன் காலையில மூணு கை போடுதாம்மா" என்று சிரித்தார். "இது எனக்கு, இது எங்கம்மாவுக்கு, இது மலாக்காம்மாவுக்குன்னு சொல்லிச் சொல்லிப் போடுதான். வட்டத்துல ஒரு ஆளு எடம் விட்டுத்தான் உக்காரணும். ஆளு இல்லாத எடம் எதுக்குடான்னா சண்டைக்கு வாரான்."

கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தேன், மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் போன பிறகுதான் பீபியின் கூடமும் அந்தச் சின்ன இலையும் நினைவுக்கு வந்தன. இல்லாதவர்களுக்குத்தானே பங்கு எடுத்து வைப்பார்கள். அன்றைக்கு அங்கே கடைசி இலையில் என் பிள்ளை இருந்தான். இன்றைக்கு ஊர்த் தெருமுக்கில், ஆளில்லாத இடத்தில் நான் இருக்கிறேன்.

இந்த மாசியில் தயிர்ப்பானையைச் சுற்றவில்லை. சுற்றக் கம்பளியும் இல்லை. அவனுக்குக் குளிரவில்லை என்பதையும்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே. தயிர் நன்றாக உறைகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

இன்று காலை கொல்லையைக் கூட்டினேன். மழையில்லாமல் ரம்புத்தான் மரத்து இலை காய்ந்து கொட்டிக் கிடந்தது. குவித்து நெருப்பு வைத்தேன். அவன் பெயரைச் சொல்லி ஒரு கை போட்டேன், அக்கா பெயருக்கு ஒரு கை. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். மல்லிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அய்யோ, என்னம்மா இது, பானாஸ்லா! இந்தச் சூட்டுல போயி நெருப்புப் போட்டு உக்காந்திருக்க. யாருக்கும்மா குளிருது?"

முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கையை இன்னும் கொஞ்சம் நெருப்புக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"எனக்குத்தான்" என்றேன்.